ஒரு விரற்கடை

தாழங்குடா மணலில்
இரண்டாம் தடவை வண்டி புதைந்த அன்று
ஐஸ் உருகுமுன் மேலேற்ற
ஒன்பது பேர் தள்ளினார்கள்.
பத்தாவதாக வந்தவர் தள்ளவில்லை.
'டயரா இது, உளுந்துவடை' என்றார்.
அந்த வடை
மூன்று வாரம் எனக்குச் செரிக்கவில்லை.

வில்லியனூர் சாலையில் லூர்துநாதன் கடை.
சுவர் முழுக்க அலாய் வீல்,
ஐந்து கால், ஆறு கால்,
கறுப்பில் சிவப்பு வளையம் போட்டது ஒன்று.
என் கண் இருநூற்று அறுபத்தைந்தில் நின்றது.
அதன் பள்ளத்தில் விரல் விட்டேன்,
முதல் கணு வரை போயிற்று.
'அது வேணாண்ணே.'
வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து
மட்கார்டு இடுக்கில் தீப்பெட்டியை நுழைத்துக் காட்டினார்.
'இவ்ளோதான் இடம். லோடு ஏறுனா பட்டை உட்காரும்.
கம்மியம்பேட்டைத் திருப்பத்துல ஒடிச்சீங்கன்னா
ரப்பர் கருகுற வாசம் வரும்.
அப்புறம் ஆர்டிஓவுக்கு வேற பதில் சொல்லணும்.'

இருநூற்று முப்பத்தைந்துக்கு இறங்கி வந்தேன்.
பழையதைவிட ஒரு விரற்கடை உயரம்.
அலாயோடு நாற்பத்தெட்டாயிரம்.
ஐந்தாவதுக்குக் காசு இல்லை,
ஸ்டெப்னி பழைய அளவிலேயே
பின்னால் தொங்கியது.

வீட்டு முன் நிறுத்தினேன்.
அஞ்சலாட்சி ஒரு சுற்று சுற்றி வந்து
'எது பெருசாச்சு?' என்றாள்.

மறுநாள் மணலில்
வண்டி தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது.
யாரும் தள்ளவில்லை, யாரும் பார்க்கவுமில்லை.
வடை சொன்னவர் கடலுக்குப் போயிருந்தார்.

மாதக் கடைசி.
ஐஸ் கம்பெனிக் கணக்கர் குப்புராசு
ஓட்டத்தைக் கூட்டிவிட்டு மூக்கைச் சொறிந்தார்.
'அதே துறைமுகம், அதே புதுச்சேரி,
அதே இருபத்தாறு நடை.
அம்பத்திமூணு கிலோமீட்டர் குறையுதே,
குறுக்குவழி எதுனா கண்டுபுடிச்சியா?'
டயர் பெருசு சார், என்றேன்,
மீட்டருக்கு அது தெரியாது.
'எனக்கும் தெரியாது' என்று கையெழுத்துக்கு நீட்டினார்.
கிலோமீட்டருக்குப் பதினெட்டு ரூபாய்.
தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலு.

இரவு
அஞ்சலாட்சி வலைக்கயிறு எடுத்து வந்தாள்.
ஸ்டெப்னியைச் சுற்றி ஒரு முடிச்சு,
புதியதைச் சுற்றி இன்னொரு முடிச்சு.
இரண்டுக்கும் நடுவில் அவள் உள்ளங்கை
சரியாக உட்கார்ந்தது.
'ஒவ்வொரு சுத்துக்கும் இவ்ளோ
சும்மா ஓட்டிக்கிட்டு இருக்க.'
மீன் நிறுத்து வளர்ந்தவள்.
'தராசுக்கு அடியில புளி ஒட்டுறவன்கூட
தன் பக்கம்தான் ஒட்டுவான்.
நீ நாப்பத்தெட்டாயிரம் குடுத்து
அடுத்தவன் பக்கம் ஒட்டிட்டு வந்திருக்க.'

சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து அவள் சிரித்தாள்,
அப்போது எனக்கு வரவில்லை.

வாங்கினதைத் திருப்பித் தரலாமா என்று
லூர்துநாதனுக்குப் போன் போட நினைத்தது
இரண்டு நாள்.
மூன்றாம் நாள் சோனாங்குப்பம் பையன் ஒருவன்
டயர் ஓரம் சாய்ந்து நின்று
செல்பி எடுத்துக்கொண்டான்.
போன் போடவில்லை.

பிறகு ஒரு ஐப்பசி விடியல்.
சின்ன கங்கணாங்குப்பம் தாண்டவில்லை,
பின்பக்கம் வலது டயரில் ஆணி.
மழையில் நனைந்து ஸ்டெப்னியை மாட்டினேன்.
மூன்று பெரிது, ஒன்று சிறிது.
முப்பதைத் தாண்டாமல் ஓட்டினேன்,
அது நிஜத்தில் எத்தனையென்று
இப்போது எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது.
சரிவு கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.
ஆனால் பெட்டியிலிருந்து உருகிய ஐஸ்தண்ணீர்
தேடிப் போய் அந்த ஒரு மூலையில் சேர்ந்து
சாலை நெடுக
ஒற்றைக் கோடாக ஒழுகிக்கொண்டு வந்தது.